உசுரோட இருக்கவளுக்கு ஒரு மனு

சார், அந்தக் கதையைப் படிச்சு முடிச்சாச்சா? முடிச்சாச்சுன்னா கடைசி வரிக்குக் கீழ பாருங்க. அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு வார்த்தை இருக்கா? 'யாவும் கற்பனை'ன்னு? இருக்கும். என் குடும்பம் இன்னைக்கு ரெண்டு ஊர்ல கிடக்குன்னா அந்த ரெண்டு வார்த்தைதான் காரணம்.

நீங்க படிங்க, படிங்க. நான் தொந்தரவு பண்ணல. வேலாயுதபுரத்துல இறங்கணும், பஸ் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன். அவ தம்பி வீட்டுக்குப் போனவ பன்னெண்டு நாளா திரும்பல. கையில இருக்கிறது என்னன்னா பாக்கீங்க? வெள்ளைத் தாள் சார். இதுல ஒரு பக்கம் எழுதிட்டுத்தான் அந்த வீட்டு வாசல்ல கால் வைக்கணும், இல்லைன்னா அப்படியே திரும்பிப் போயிரணும்னு உத்தரவு. திங்கக்கிழமை அவ கோவில்பட்டியில ஒரு ஆஸ்டல்ல சமையல் வேலைக்குச் சேரப் போறா. அங்கயே தங்கலாமாம். இன்னைக்குச் சனிக்கிழமை. கணக்குப் பாத்துக்கிடுங்க.

இதுல ஒரு கூத்து என்னன்னா, எனக்கு எழுதறதுதான் தொழில். பேரு கோமதிநாயகம். தாலுகா ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்துக்குக் கீழ முப்பத்தோரு வருஷமா மனு எழுதுதேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ஓடை ஆக்கிரமிப்பு, பக்கத்து வீட்டுக்காரன் முருங்கை மரம், எதுனாலும் எழுதுவேன். ஆனா ஒண்ணு, நமக்குக் கற்பனைங்கிறது சுத்தமா கிடையாது. சின்ன வயசுலயே கிடையாது. பள்ளிக்கூடத்துல 'நான் ஒரு பறவையானால்'னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. 'ஆக முடியாது ஐயா'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தேன். வாத்தியார் முட்டி போட வச்சாரு. நான் என்ன தப்பா எழுதிட்டேன், சொல்லுங்க.

மனுவுல உருக்கம்னு ஒண்ணு வரணும் சார். அது கற்பனையில சேராது, அது தொழில்ல சேர்ந்தது. தையக்காரர் காஜா எடுக்கிறாப்ல. என்கிட்ட மூணு உருக்கம் உண்டு. ஒண்ணு, கூரை ஒழுகுறது. ரெண்டு, வீட்ல ஒருத்தர் படுத்த படுக்கையாக் கிடக்கிறது. மூணு, சீக்குப் பிடிச்ச பசுமாடு. வாற ஆளு முகத்தைப் பாத்து இதுல ஒண்ணைப் போடுவேன். மாட்டுக்குப் பேரும் வைப்பேன். எல்லாரும் லட்சுமின்னு வைப்பாங்க, நான் 'செவத்தா'ன்னு வைப்பேன். பேரு இல்லாத மாட்டுக்கு எந்த அதிகாரி இரங்குவான்? வந்த ஆளுக்கு மாடு இருக்கணும்னு அவசியம் இல்ல. மனுவுக்கு இருந்தாப் போதும்.

நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. போன தை மாசம் உச்சிமாகாளின்னு ஒருத்தரு தெருவிளக்கு கேட்டு வந்தாரு. முகத்தைப் பாத்தேன், கூரை ஒழுகுற முகம். போட்டுட்டேன். 'மழைக்காலங்களில் நானும் என் மருமகளும் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏந்தியபடி விடிய விடிய நிற்கிறோம்'னு. ஆர்.ஐ., அதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், விசாரணைக்குப் போயிருக்காரு. அங்க மாடி வீடு சார். மாடிக்கு மேல ஒரு மாடி. அந்த மருமக கதவைத் திறந்து 'பாத்திரத்தை ஏந்திக்கிட்டா, யாரு'ன்னு கேட்டிருக்கா. ஆர்.ஐ. நேரா மரத்தடிக்கு வந்துட்டாரு. 'இனிமே பொய் மனு எழுதினா உம்ம மேலதான் முதல்ல கேஸ் வரும் வே'ன்னு சொல்லிட்டுப் போனாரு.

எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. மூணாம் நாள் ஞானதிரவியம் டீக்கடையில உக்காந்திருக்கேன், வடை மடிச்சுக் குடுத்த தாள்ல ஒரு கதையோட வால் மட்டும் இருந்துச்சு. கடைசியில 'யாவும் கற்பனை'. இது எதுக்குய்யான்னு கேட்டேன். ஞானதிரவியம் பத்து வருஷம் கோர்ட்டு வாசல்ல கடை போட்டவரு, அதனால சட்டம் நல்லாத் தெரியும். 'அதைப் போட்டுட்டா எவனும் எழுதினவன் மேல கேஸ் போட முடியாது அண்ணாச்சி'ன்னாரு. எனக்கு உசுரு வந்துச்சு. அன்னையில இருந்து நான் எழுதுற ஒவ்வொரு மனுவுலயும் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள', அதுக்குக் கீழ கையெழுத்து, அதுக்குக் கீழ பொடி எழுத்துல 'யாவும் கற்பனை'.

சிரிக்காதீங்க சார். நான் யோசிச்சுத்தான் செஞ்சேன்.

ரெண்டு மாசம் ஒரு ஆளு கவனிக்கல. எந்த ஆபீஸ்ல மனுவைக் கடைசி வரைக்கும் படிக்கான்? அப்புறம் தபால் பிரிவுக்கு ஹெப்சிபான்னு ஒரு அம்மா மாறுதல்ல வந்தாங்க. அவங்க படிக்கிற பழக்கம் உள்ளவங்க. பஸ்ல படிப்பாங்க, சாப்பிடும்போது படிப்பாங்க, கடலை மடிச்ச தாளையும் விடமாட்டாங்க. மனுவையும் முழுசாப் படிச்சுட்டாங்க. கீழ அந்த ரெண்டு வார்த்தையைப் பாத்ததும், 'ஆகா, நம்ம ஆபீஸ் மரத்தடியில ஒரு எழுத்தாளர் உக்காந்திருக்காரே'ன்னு சொல்லி எல்லா மேசைக்கும் கொண்டு போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்ததை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல என் மனுவை ஒருத்தர் சத்தமாப் படிக்காரு, மத்தவங்க தயிர்ச்சாதத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கேக்காங்க. செவத்தாவுக்கு வயிறு உப்பிப்போன கட்டத்துல ரெக்கார்டு கிளார்க் எந்திரிச்சுப் போய் முகம் கழுவிட்டு வந்தாராம். மறுநாள் கால்நடை டாக்டரை ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டாங்க. மனு குடுத்த முப்பிடாதி வீட்ல மாடும் கிடையாது, ஆடும் கிடையாது, ஒரு பூனைதான் இருந்துச்சு. வந்ததுக்கு அதுக்கு ஒரு ஊசி போட்டுட்டுப் போனாரு. முப்பிடாதி என்கிட்ட சண்டைக்கு வந்தா. பூனை மூணு நாளு வீட்டுக்குள்ள வரலையாம்.

தாசில்தாரே ஒரு நாள் கூப்பிட்டு விட்டாரு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன். 'அந்தத் தெருவிளக்கு மனு தேவலை, ஆனா மருமக பாத்திரம் எடுபடல கோமதிநாயகம்'ங்கிறாரு. 'ஐயா, அது பாத்திரம் இல்ல, உச்சிமாகாளி மருமக'ன்னேன். 'அதான் சொல்லுதேன், இன்னும் உசுரோட வரணும்'னாரு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. முப்பத்தோரு வருஷமா மனு எழுதுதவனைப் பிடிச்சுக் கதை எழுதுதான்னு சொன்னா வராதா?

சரி, என் விஷயத்துக்கு வாரேன். சித்திரையில ஆபீசுக்கு வெளிய ஸ்கூட்டர் நிறுத்தக் கொட்டகை போடணும்னு அளந்தாங்க. அளந்த கயிறு என் மேசைக்கு நடுவுல போகுது. மரத்தடி போச்சுன்னா நான் எங்க போவேன்? முதல் தடவையா எனக்காக ஒரு மனு எழுத உக்காந்தேன். உருக்கம் போடணும்ல? கூரை ஒழுகுறது பழசு. மாட்டை வெளிய எடுத்தா ஊசியோட வந்துருவாங்க. யோசிச்சேன், யோசிச்சேன். அப்புறம் 'மனைவியை இழந்து தனிமரமாக வாழ்ந்துவரும் நான்'னு ஆரம்பிச்சுட்டேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கீங்க? பேரு போடல. பேரு போட்டாத்தான் சட்டப்படி தப்பு.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், அன்னைக்குக் கை தானா ஓடிச்சு. வழக்கமா ஒரு பக்கம் எழுதறவன் நாலு பக்கம் எழுதிட்டேன். இப்பவும் மனப்பாடம். 'என் மனைவி சோறு வடிக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வார். நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிடுவார். என்ன பேசினார் என்று இருபத்தேழு ஆண்டுகளில் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆளில்லை. தெருமுனையில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். கல் காயும் வாசனை வந்தால் என் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது எல்லா வீட்டு வாசலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. எனவே, மேற்படி இருசக்கர வாகனக் கொட்டகையை நாலடி வடக்கே தள்ளி அமைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழ வழக்கம்போல ரெண்டு வார்த்தை.

கொட்டகை வடக்க போயிருச்சு சார், மறுநாளே. அதோட விட்டிருக்கலாம்ல? ஞாயித்துக்கிழமை காலையில துக்கம் கேக்க வீட்டுக்கு வந்துட்டாங்க. கீழ கற்பனைன்னு போட்டிருக்கேனே, அப்புறம் எதுக்கு வந்தீங்கன்னு பின்னால கேட்டேன். 'நல்லா எழுதுறவங்க சொந்தக் கதையை எழுதிட்டுத்தான் கீழ அப்படிப் போடுவாங்க, அது ஒரு அடக்கம்'னு ஹெப்சிபா அம்மா சொல்லியிருக்காங்க. எல்லாரும் நம்பிட்டாங்க.

தாசில்தார், ஹெப்சிபா அம்மா, ரெக்கார்டு கிளார்க், மூணு பேரு. கையில சம்பங்கி மாலை. நான் குளிச்சிட்டு இருக்கேன். உலகம்மா, என் சம்சாரம், நடு வீட்ல உக்காந்து வெண்டைக்காய் நறுக்கிட்டு இருந்திருக்கா.

'வாங்க, உள்ள வாங்க. அவுக குளிக்காக.'

'நீங்க யாரும்மா?'ன்னு தாசில்தார் கேட்டிருக்காரு.

'நான் அவுக வீட்டம்மா.'

மூணு பேரும் மாலையைப் பாத்திருக்காங்க. 'கல்யாணம் எப்ப ஆச்சும்மா?'

'ஆச்சுய்யா, இருபத்தேழு வருஷம்.'

செத்தவளோடயும் இருபத்தேழு வருஷம், இவளோடயும் இருபத்தேழு வருஷம். ஹெப்சிபா அம்மாவுக்கு முகம் சிவந்து போச்சு. 'அப்போ அந்த அம்மா இருக்கும்போதேயா?'ன்னு கேட்டுட்டாங்க. உலகம்மாவுக்கு ஒண்ணும் புரியல. 'எந்த அம்மா'ன்னு கேட்டுக்கிட்டே காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சிருக்கா. மத்த ரெண்டு பேரும் குடிச்சாங்க. ஹெப்சிபா அம்மா தொடல. மாலையை நாற்காலி மேல வச்சாங்க, பையில இருந்து மனுவோட நகலை எடுத்து உலகம்மா கையில குடுத்தாங்க. 'அவங்களைப் பத்தி என்ன எழுதியிருக்காருன்னு படிச்சுப் பாருங்க. அப்படி ஒருத்தியா இருக்கிறது லேசு இல்ல'ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க. நான் துண்டோட வெளிய வந்தப்போ ஜீப்பு தெரு திரும்பிருச்சு.

உலகம்மா எட்டாங்கிளாஸ் படிச்சவ. விரலை வச்சு வரி வரியாப் படிப்பா. அடுப்படியில தரையில உக்காந்து நாலு பக்கத்தையும் படிச்சா. திரும்ப முதல்ல இருந்து படிச்சா. அடுப்புல வெண்டைக்காய் கருகுது, அவ கவனிக்கல. சட்டி கருகினா ஊரையே கூட்டுற பொம்பளை சார் அவ.

'யாருங்க இவ?'ன்னு கேட்டா.

'யாருமில்ல, நீதான்'னேன்.

தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. அப்படி ஒரு முகத்தை நான் இருபத்தேழு வருஷத்துல பாத்தது கிடையாது. தாலி கட்டின அன்னைக்குக்கூட அது வரல. 'இம்புட்டையும் கவனிச்சிருக்கீங்களா?'ன்னு கேட்டா, சத்தமே வரல, மூச்சு மாதிரி கேட்டா. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. உசுரோட இருக்கவளைச் சாகடிச்சு எழுதிட்டோம், அந்தக் கோவம் உள்ள கிடந்து கொதிக்குது, எப்ப வெடிக்கும்னு தெரியலன்னு நினைச்சேன். உடனே சமாதானம் பண்ணிட்டேன். 'கோவப்படாத உலகம்மா. அதுல ஒரு வரிகூட நெசம் கிடையாது. நான் உன்னை அப்படியெல்லாம் நினைச்சதே இல்ல. கீழ பாரு, எழுத்து மூலமாவே போட்டிருக்கேன்'னு அந்த ரெண்டு வார்த்தையைத் தொட்டுக் காட்டினேன். இதைவிடத் தெளிவா ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்?

அவ அந்த ரெண்டு வார்த்தை மேலயும் விரலை வச்சுப் படிச்சா. தாளை மடிச்சா. 'சரி'ன்னா. காப்பி டம்ளரை எல்லாம் கழுவிக் கவுத்தா. மறுநாள் காலை பஸ்ல வேலாயுதபுரம் போயிட்டா. அந்த நகலை மட்டும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கா, ஏன்னு தெரியல.

சாகடிச்ச கோவம்தான் சார். வேற என்ன இருக்க முடியும்? அதுக்கும் பரிகாரம் பண்ணினேன். ஆபீசுக்குப் போய் உலகம்மாவுக்கு உயிரோட இருக்கிறதா ஒரு சான்று வாங்கினேன். அவங்க கணக்குல இவ ரெண்டாவது சம்சாரம், ஆனாலும் உசுரு உசுருதானேன்னு தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. கோபுர முத்திரை வச்ச சான்று. பதிவுத் தபால்ல அனுப்பினேன். அதுக்கு மேல ஒரு புருஷன் என்ன செய்யணும்? ஒப்புகைச் சீட்டுல அவ கையெழுத்து மட்டும் திரும்பி வந்துச்சு. முந்தாநாள் மச்சினன் போன்ல கூப்பிட்டான். 'அத்தான், அக்கா சொல்லுதா, செத்தவளுக்கு நாலு பக்கம் எழுதினீங்கள்ல, உசுரோட இருக்கவளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. அப்படி வர்றதுன்னா வாங்க, இல்லைன்னா வேண்டாம்'னான்.

அதான் சார் இந்தத் தாள். ஒன்பது தாள் கிழிச்சாச்சு. 'அனுப்புநர், பெறுநர், பொருள்: இல்லம் திரும்புதல், வேண்டுதல், தொடர்பாக' வரைக்கும் நல்லா வருது. அதுக்கு மேல பேனா நகரல. செத்தவளைப் பத்தின்னா உருக்கம் கொட்டுது. உசுரோட இருக்கவளைப் பத்தி எப்படி சார் எழுத? அவ மறுத்துப் பேசிருவாளே.

என்னது? நீங்க எழுதுதீங்களா? நான் சொல்லச் சொல்லவா? முப்பத்தோரு வருஷமா ஊருக்கு எழுதினவனுக்கு இன்னொருத்தர் மனு எழுதுறதா. சரி, பிடிங்க. பஸ்ஸு வேற இந்தக் குலுக்கு குலுக்குது. உருக்கத்தைக் கடைசியில போட்டுக்கிடலாம், முதல்ல விவரத்தை மட்டும் எழுதிக்கிடுங்க.

'உலகம்மா. வீட்டுச் சாவியை நீ எங்க வைப்பேன்னு எனக்குத் தெரியல. பூட்டாமத்தான் வந்திருக்கேன். வெண்டைக்காய்ச் சட்டியை இன்னும் கழுவல. கழுவத் தெரியாம இல்ல, கழுவிட்டா நீ போனது அதோட முடிஞ்சு போயிரும்னு தோணிச்சு.' இதை எழுதாதீங்க சார், சோம்பேறின்னு நினைப்பா. எழுதிட்டீங்களா? சரி, அடுத்தது. 'தினமும் தெருமுனையில செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கேன். பக்கத்து வீட்டு நாய் மட்டும்தான் எந்திரிக்கி. ரெண்டு நாள் நானே கல்லை அடுப்புல போட்டுட்டு, வெளிய போய்ச் செருப்பைப் போட்டுக்கிட்டுத் தெருமுனையில இருந்து வந்து பாத்தேன். வாசனை வருது. ஆனா அது நான் போட்டதுதானே.' என்ன சார் நிறுத்திட்டீங்க? எழுதுங்க. 'சோறு வடிக்கும்போது நீ என்ன பேசுவ? பன்னெண்டு நாளா அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. என்னைத் திட்டுறதா இருந்தாலும் பரவாயில்ல. நான் உள்ள வந்த பொறகும் நிறுத்தாமப் பேசு. கேட்டுக்கிட்டு நிக்கேன்.' அவ்வளவுதான் விவரம்.

இங்க குடுங்க, பாப்போம். உங்க கையெழுத்து நல்லாருக்கு. ஆனா ஒரு 'மாண்புமிகு' இல்ல, 'கண்ணீர் மல்க' இல்ல. கீழ என்ன போட? ஒண்ணும் போட வேண்டாமா? வெறும் பேரா? வெறும் பேரைப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு அவ இதெல்லாம் நெசம்னு நினைச்சிட்டான்னா?

விசில் அடிச்சாச்சு, ஊரு வந்துருச்சு. வேற வழியில்ல. பேரை மட்டும் போட்டுட்டேன், இந்தாங்க பேனா. கண்டக்டர், ஆளு இறங்கணும், பொறுங்க.

வாரேன் சார். மூக்குக் கண்ணாடியைத் தொடைச்சுக்கிடுங்க, ஈரமா இருக்கு. ஒரே ஒரு விஷயம், தப்பா நினைக்கக் கூடாது. என்ன கஷ்டம் வந்தாலும் இந்த மனு எழுதுற தொழிலுக்கு மட்டும் வந்துராதீங்க. உருக்கம் உங்களுக்குச் சுத்தமா வரல.